சிப்பாயோடு சிரித்துப் பேசிய பெண்

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? கூலி உயர்வு கேட்டு முன்வரிசையில் நிற்கும் பெண்ணை ஊர் வாய் ஒன்று சொல்லும். சங்கக் கூட்டம் முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண்ணை இன்னொன்று சொல்லும். நாட்டைப் பிடித்துக்கொண்ட அந்நியப் பட்டாளத்தின் ஆளோடு ஒரு பெண் சிரித்துப் பேசினால், தோப்புப் பக்கம் சேர்ந்து நடந்தால் என்ன சொல்லும்? அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஹாலந்து நாட்டின் ஹார்லெம் நகரத்தில் அப்படிச் சிரித்துப் பேசிய பெண்கள் இருந்தார்கள். இருவர் கூடப் பிறந்தவர்கள். அக்காள் ட்ரூஸ் ஓவர்ஸ்டீகன், 1923-ல் பிறந்தவள். தங்கை பிரெட்டி, 1925-ல் பிறந்தவள். பின்னல் போட்டுக்கொண்டு சைக்கிளில் போகும் பிரெட்டியைப் பார்த்தால் பன்னிரண்டு வயதுக்கு மேல் மதிக்க முடியாது. அவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ, அவர்களில் சிலர் தோப்பிலிருந்து திரும்பி வரவில்லை.

இன்று இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலர். எப்படிச் சொல்கிறார்கள்? "நாஜிகளை மயக்கிக் கொன்ற அழகிகள்" என்று சொல்கிறார்கள். துப்பறியும் நாவலுக்கு அட்டைப்படம் போடுவதுபோல ஒரு கையில் துப்பாக்கி, உதட்டில் சாயம், கதை முடிந்தது! அந்தச் சகோதரிகளின் தாய் யார், அவர்கள் ஒளித்துச் சுமந்த பத்திரிகை எது, அவர்களைத் தேடி வந்த இயக்கம் எது, யுத்தம் முடிந்தபின் சர்க்கார் அவர்கள் கூட்டத்தை எப்படி நடத்தியது? இந்த நாலு கேள்விகளையும் லாகவமாக விழுங்கிவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. "சின்னப் பெண்களைத் தூண்டில் புழுவாக்கியது கம்யூனிஸ்டுகள்தானே? இதுவா உங்கள் பெண் விடுதலை?" என்று மூக்கைச் சிந்தும் கூட்டம். இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லுவோம்.

வைக்கோல் மெத்தை

ஓவர்ஸ்டீகன் குடும்பம் படகில் குடியிருந்த குடும்பம். தாய் தந்தையர் பிரிந்தார்கள். தாய் ட்ரைண்ட்யே வான் டெர் மோலன் பெண்களை அழைத்துக்கொண்டு ஹார்லெமில் ஒரு சிறு வீட்டில் குடியேறினாள். சர்க்கார் கொடுத்த சொற்ப உதவிப் பணத்தில் காலம் தள்ளினாள். அந்த வீட்டில் பெண்கள் படுத்தது வைக்கோல் திணித்த மெத்தை. அந்தத் தாய் ஒரு கம்யூனிஸ்ட்.

வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் இல்லை. ஆனால் இடம் இருந்தது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி ஓடி வந்தவர்களுக்கு, யுத்தம் தொடங்குமுன்பே அந்த வீட்டில் இடம் கிடைத்தது. ஸ்பெயினில் பிராங்கோவின் கும்பல் குடியரசை நெரித்தபோது, அங்கே பரிதவித்த குழந்தைகளுக்கு அனுப்ப இந்தப் பெண்கள் துணிப் பொம்மை செய்தார்கள். ஸ்பெயின் எங்கே, ஹார்லெம் எங்கே? பூகோளத்தில் தூரம்தான். பசித்த வயிற்றுக்கும் பசித்த வயிற்றுக்கும் இடையே அந்தத் தூரம் கிடையாது என்பது தாய் படித்துக் கொடுத்த முதல் பாடம்.

ஆகவே, "யாரோ வந்து மயக்கி அழைத்துப் போன பேதைப் பெண்கள்" என்ற பேச்சு முதல் அடியிலேயே சரிகிறது. அவர்கள் வீட்டு அடுப்பங்கரையிலேயே பாசிசம் என்றால் என்னவென்று தெரிந்துகொண்டவர்கள். நாட்டை ஆண்ட பெரிய மனிதர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் அந்த வைக்கோல் மெத்தையில் படுத்த சிறுமிகளுக்குத் தெரிந்திருந்தது.

தெருக் கூட்டியவர் விடுத்த அழைப்பு

1940 மே 10-ந் தேதி ஹிட்லரின் படை ஹாலந்துக்குள் புகுந்தது. 14-ந் தேதி ராட்டர்டாம் துறைமுக நகரத்தைக் குண்டு வீசிக் கொளுத்தியது. மறுநாள் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தாயிற்று. மகாராணி வில்ஹெல்மினாவும் மந்திரிகளும் அதற்குமுன்பே லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார்கள். குத்தகை நிலத்து உழவனும் கப்பல் பட்டறைத் தொழிலாளியும் எந்தக் கப்பலில் ஏறுவது? அவர்கள் இருந்த இடத்தில்தான் நிற்க வேண்டும்.

நின்றார்கள். கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது, தலைமறைவாக இயங்கியது. 1940 நவம்பரில் ரகசியமாக ஒரு பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதன் பெயர் 'டி வார்ஹைட்'. நம் பாஷையில் 'உண்மை' என்று பொருள்.

1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்து யூதர் குடியிருப்பில் நாஜிப் போலீஸ் வேட்டையாடி நானூறுக்கும் மேற்பட்ட யூத வாலிபர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. கனவான்கள் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார்கள். திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் யார்? வில்லெம் கிரான் என்ற சாலைத் தொழிலாளி. பீட் நாக் என்ற தெருக் கூட்டும் தொழிலாளி. இருவரும் கம்யூனிஸ்டுகள். பிப்ரவரி 24-ந் தேதி மாலை சந்தைத் திடலில் அவர்கள் கூட்டிய கூட்டம் மறுநாள் வேலைநிறுத்தத்துக்கு அறைகூவல் விடுத்தது. 25-ந் தேதி காலை டிராம் வண்டிகள் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. டிராம் ஓடவில்லை என்பதைக் கண்டதும் கப்பல் பட்டறை, உலோக ஆலை, கடை, ஆபீஸ் எல்லாம் நின்றன. ஹார்லெம், ஸாண்டாம், ஹில்வர்ஸம் என்று பக்கத்து ஊர்களுக்கும் பரவிற்று.

கூலிக்காக அல்ல, போனஸுக்காக அல்ல. அண்டை வீட்டு யூதனுக்காக! ஹிட்லரின் பூட்ஸ் கால் அழுத்திக்கொண்டிருந்த ஐரோப்பாவில், யூதர்களை வேட்டையாடுவதை எதிர்த்து ஆலைகளை நிறுத்திக் காட்டியது ஆம்ஸ்டர்டாம் தொழிலாளி வர்க்கம். இரண்டே நாளில் துப்பாக்கியைக் கொண்டு அடக்கினார்கள். வேலைநிறுத்தக்காரர் மூவரை மார்ச் மாதம் சுட்டுக் கொன்றார்கள். வில்லெம் கிரானை 1942-ல் சுட்டுக் கொன்றார்கள்.

சகோதரிகள் வளர்ந்து ஆளான காலம் இது. மற்ற ஊர்களில் அந்த வயதுப் பெண் புது ரிப்பன் கட்டிக்கொண்டு திருவிழாப் பார்க்கப் போவாள். இவர்கள் சைக்கிளில் துண்டுப் பிரசுரம் சுமந்து போனார்கள். ஜெர்மனிக்கு உழைக்க வா என்று நாஜிகள் சுவரில் ஒட்டிய விளம்பரத்தின்மேல் தங்கள் சுவரொட்டியை ஒட்டினார்கள். ஒட்டிய கையோடு சைக்கிளை மிதித்துப் பறந்தார்கள். பிடிபட்டால் மரணம் என்பது இருவருக்கும் தெரியும்.

வாசலில் வந்து நின்றவர்

1941-ல் ஒரு நாள் அந்த வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் பிரான்ஸ் வான் டெர் வீல். ஹார்லெம் எதிர்ப்புக் குழுவின் தளபதி. அவர் முதலில் யாரிடம் பேசினார்? தாயிடம் பேசினார். உங்கள் பெண்களை எங்கள் வேலைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார். தாய் சம்மதித்தாள், பெண்களும் சம்மதித்தார்கள். புறப்படும்போது தாய் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான்: என்ன நேர்ந்தாலும் மனுஷியாகவே இருங்கள்.

தூண்டில் புழு என்று பேசுகிறவர்கள் இதைக் கவனிக்கட்டும். புழுவிடம் எவனும் சம்மதம் கேட்பதில்லை.

சேர்ப்பதற்குமுன் ஒரு சோதனையும் நடந்தது. அவரே கெஸ்டபோ ஆள்போல நடித்துத் துப்பாக்கியை நீட்டி, ஒளிந்திருக்கும் யூதர் ஒருவரின் விலாசத்தைக் கேட்டார். இரண்டு பெண்களும் விலாசம் சொல்லவில்லை. அவர்மேல் பாய்ந்து அடி பின்னிவிட்டார்கள்! போதும் போதும் என்று அவர் உண்மையைச் சொன்ன பிறகுதான் அடி நின்றது.

பிறகுதான் என்ன வேலை என்று சொன்னார். ரயில் பாதையைத் தகர்க்க வேண்டும். பாலத்தைத் தகர்க்க வேண்டும். துப்பாக்கி பழக வேண்டும். நாஜிகளையும் காட்டிக்கொடுப்பவர்களையும் சுட வேண்டும். உருளைக்கிழங்கு சேமித்து வைக்கும் நிலவறை ஒன்றில் அந்தப் பெண்கள் துப்பாக்கி பிடிக்கக் கற்றார்கள்.

சிரிப்பு எதற்கு?

எதிரியின் சாமான் கிடங்கு ஒன்றைக் கொளுத்த வேண்டும். வாசலில் எஸ்.எஸ். காவலர்கள். சகோதரிகள் போய்ச் சிரித்துப் பேச்சுக் கொடுத்தார்கள். காவலர்கள் பேச்சில் மூழ்கினார்கள். பின்புறத்தில் கிடங்கு பற்றி எரிந்தது. இது ஆரம்பம்.

பிறகு வந்தது கடினமான வேலை. எஸ்.எஸ். அதிகாரிகள் கூடும் மது விடுதிக்குப் போக வேண்டும். அவனாகப் பேச்சுக் கொடுக்கும்படி நடந்துகொள்ள வேண்டும். காற்று வாங்கப் போகலாமா என்று தோப்புப் பக்கம் அழைத்து வர வேண்டும். அங்கே தோழர்கள் காத்திருப்பார்கள். முதல் தடவை அப்படி ஓர் அதிகாரியை அழைத்து வந்தவள் ட்ரூஸ். தங்கை பிரெட்டி சற்றுத் தூரத்தில் காவல் நின்றாள். குழி முன்னதாகவே வெட்டப்பட்டிருந்தது.

பின்னாளில் அவர்களே சுடவும் நேர்ந்தது. சைக்கிளை ஒருத்தி மிதிப்பாள். பின்னால் உட்கார்ந்தவள் சுடுவாள். யாரைச் சுட்டார்கள்? வழியில் போன சிப்பாயையா? இல்லை. எதிர்ப்பு வீரர்களை வதைத்தவர்களை, ஒளிந்திருந்தவர்களைப் பிடித்துக்கொடுத்த துரோகிகளைச் சுட்டார்கள். அந்தத் துரோகத்துக்குக் கூலி நிர்ணயம் இருந்தது, தோழர்களே! 1943-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒளிந்திருந்த யூதர்களைத் தேடிப்பிடித்துக் கொடுத்த கும்பலுக்குத் தலைக்கு ஏழரை கில்டர் வெகுமதி. குழந்தையானாலும் ஏழரை, கிழவியானாலும் ஏழரை. ஹாலந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,00,000-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். தோப்பில் விழுந்த அதிகாரிக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும்.

"பெண்ணின் மானம் என்னாவது?" என்று கேட்கிறார்கள். நாம் திருப்பிக் கேட்கிறோம்: எது மானம்? எதிரி அந்தப் பெண்ணைப் பார்த்தபோது என்ன கண்டான்? இவள் மனுஷி அல்ல, பொழுதுபோக்கும் பண்டம். இவளுக்கு அரசியல் தெரியாது. இவள் என்னை என்ன செய்துவிட முடியும் என்று கண்டான். அந்த இறுமாப்புத்தான் அவனைத் தோப்புக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. பெண்ணை இளக்காரமாக நினைக்கும் புத்தியே அவனுக்குத் தூண்டிலாயிற்று. மானத்தை இழந்தவன் அவன். மானத்தைக் காத்தவர்கள் இவர்கள். ஊரார் தங்களைப் பார்த்து முகம் சுளித்தபோதும் வாய் திறந்து உண்மையைச் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டு நடந்தார்களே, அது சிறிய தியாகமா? உயிரைக் கொடுப்பவனுக்குப் பாட்டு உண்டு. நல்ல பெயரைக் கொடுப்பவளுக்கு என்ன உண்டு?

அவர்கள் மறுத்த உத்தரவு

பாசிஸ்டைக் கொல்லக் கற்றவர்கள் பாசிஸ்டாகவே மாறிவிடவில்லையா என்று சிலர் தத்துவம் பேசுவார்கள். அவர்களுக்கு ஒரு சம்பவம்.

ஹாலந்தை ஹிட்லரின் பேரால் ஆண்டவன் ஸைஸ்-இன்குவார்ட். யுத்தக் குற்றவாளியாக 1946-ல் தூக்கிலிடப்பட்டவன். அவனுடைய பிள்ளைகளைக் கடத்தி வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சிறையிலிருக்கும் தோழர்களை மீட்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. திட்டம் பிசகினால் பிள்ளைகளைக் கொல்ல நேரிடும். சகோதரிகளிடமும் அவர்களுடைய தோழி ஹன்னியிடமும் இந்த வேலை வந்தது. மூவரும் மறுத்துவிட்டார்கள். நாங்கள் ஹிட்லர்கள் அல்ல. எதிர்ப்பு வீரர்கள் குழந்தைகளைக் கொல்ல மாட்டார்கள் என்றார்கள்.

யார் சொன்னது? சிறையில் வதைபடுகிறவர்கள் தங்கள் சொந்தத் தோழர்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னது. சட்டைக்குள் துப்பாக்கியோடு தினம் சாவைச் சந்திக்கிறவர்கள் சொன்னது. ஒரு குழந்தையின் தகப்பன் யார் என்று பார்த்துத்தான் யூதக் குழந்தையை ரயிலில் ஏற்றினான் நாஜி. தகப்பன் யாராயிருந்தாலும் குழந்தை குழந்தைதான் என்றார்கள் இந்தப் பெண்கள். இரண்டு முகாமுக்கும் வித்தியாசம் என்னவென்று கேட்பவனுக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? தாய் வாசலில் நின்று சொல்லியனுப்பிய புத்தி வீண் போகவில்லை.

சிவந்த கூந்தல்

ஹன்னி ஸ்காப்ட் 1920-ல் ஹார்லெமில் ஒரு பள்ளி உபாத்தியாயர் வீட்டில் பிறந்தவள். ஆம்ஸ்டர்டாம் சர்வகலாசாலையில் சட்டம் படித்தாள். 1943-ல் ஜெர்மானியர் ஒரு காகிதத்தை நீட்டினார்கள்: ஆக்கிரமிப்பு ஆட்சிக்கு விசுவாசமாயிருப்போம் என்று மாணவர் ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும்; போடாதவருக்குப் படிப்பு இல்லை. ஹன்னி பேனாவை எடுக்கவில்லை. படிப்பை விட்டாள், ஹார்லெமுக்குத் திரும்பினாள், எதிர்ப்புக் குழுவில் சேர்ந்தாள்.

அவளோடு வேலை செய்தவர் யான் போனெகாம்ப், எஃகாலைத் தொழிலாளி. உபாத்தியாயர் மகளும் ஆலைத் தொழிலாளியும் ஒரே சைக்கிள் பாதையில் தோளோடு தோள் நின்றார்கள். 1944 ஜூன் 21-ந் தேதி ஸாண்டாமில் நாஜிகளுக்கு உழைத்த போலீஸ்காரன் ஒருவனைச் சுட்டபோது போனெகாம்ப் குண்டடிபட்டு எதிரியிடம் சிக்கினார். சாகும் தறுவாயில் கிடந்தவரிடம் வேண்டியவர்கள்போல் நடித்து ஹன்னியின் பெயரைக் கறந்துவிட்டார்கள். உடனே அவளுடைய தாய் தந்தையரைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள். மகள் தானாக வந்து சரணடைவாள் என்று எதிர்பார்த்தார்கள். ஹன்னி நொறுங்கிப் போனாள், ஆனால் சரணடையவில்லை. சிவந்த கூந்தலுக்குக் கறுப்புச் சாயம் பூசினாள். மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். மீண்டும் சைக்கிளை எடுத்தாள்.

1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தின் மேற்குப் பகுதியில் பஞ்சம் தலைவிரித்தாடியது. சுமார் 20,000 பேர் மடிந்தார்கள். ஜனங்கள் டூலிப் பூச்செடியின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. அந்தக் காலத்திலும் 'டி வார்ஹைட்' அச்சாகி வீடு வீடாகப் போயிற்று. 1945 மார்ச் 21-ந் தேதி ஹார்லெம் சோதனைச் சாவடி ஒன்றில் ஹன்னியை நிறுத்தினார்கள். அவளுடைய பையில் பத்திரிகையும் துப்பாக்கியும் இருந்தன. சிறையில் கூந்தலின் அடியில் சிவப்பு தெரிந்தது. தேடிய பெண் இவள்தான் என்று தெரிந்துகொண்டார்கள்.

ஏப்ரல் 17-ந் தேதி கடற்கரை மணல் மேட்டுக்குக் கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றார்கள். வயது 24. ஹாலந்தில் ஜெர்மன் படை சரணடைந்தது மே 5-ந் தேதி. பதினெட்டே நாள்! தோல்வி நிச்சயம் என்று தெரிந்த பிறகும், போகிற போக்கில் ஒரு பெண்ணைக் கொன்றுவிட்டுப் போவது பாசிசத்தின் குணம்.

மொட்டை யாருக்கு, மாலை யாருக்கு?

விடுதலை வந்தது. வீதியெல்லாம் கொடி. அந்தக் கொடிகளுக்கு நடுவே இன்னொரு காட்சியும் நடந்தது. ஜெர்மன் சிப்பாய்களோடு உண்மையாகவே பழகிய பெண்களை நடுத்தெருவுக்கு இழுத்து வந்து மொட்டையடித்தார்கள். தலையில் தார் பூசினார்கள். சுற்றி நின்று கும்பல் சிரித்தது.

துரோகத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. காட்டிக்கொடுத்தவள் யாராயிருந்தாலும் விசாரித்துத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் மொட்டையடிக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் காட்டிக்கொடுத்தவர்கள், எத்தனை பேர் ஒரு ரொட்டித் துண்டுக்கும் ஒரு நல்ல வார்த்தைக்கும் ஏங்கிய பேதைகள் என்று எந்தக் கோர்ட்டு விசாரித்தது? கத்தரிக்கோலே போலீஸ், கத்தரிக்கோலே நீதிபதி!

அதே ஜெர்மானியரோடு பழகிய வேறு சிலரும் ஹாலந்தில் இருந்தார்கள். கடலோரம் நெடுக ஹிட்லர் கட்டிய காங்கிரீட் அரண்களுக்குக் காண்டிராக்டு எடுத்த முதலாளிகள். ஜெர்மன் ராணுவத்துக்குச் சாமான் செய்து கொடுத்து லாபம் அடித்த ஆலை அதிபர்கள். அவர்கள் சிப்பாயோடு சிரிக்கவில்லை. தளபதியோடு விருந்து உண்டார்கள். அவர்களில் யார் தலையாவது நடுத்தெருவில் மொட்டையானதா? பொருளாதாரத் துரோக வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை கைவிடப்பட்டன, அல்லது அபராதத்தோடு முடிந்தன. யூதர்களை வண்டி வண்டியாக ஏற்றிச் சென்ற ரயில்வே நிர்வாகம் அந்த வேலைக்குக் கட்டணம் வாங்கியது. உயிர் தப்பியவர்களுக்கும் வாரிசுகளுக்கும் நஷ்டஈடு கொடுப்பதாக அது ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 2018-ல்! எழுபத்து மூன்று வருஷம் கழித்து!

இதுதான் அவர்களுடைய ஒழுக்க சாஸ்திரம். ஏழைப் பெண் எதிரிக்குச் சிரித்தால் துரோகம். பணக்காரன் எதிரிக்குக் கோட்டை கட்டினால் வியாபாரம். பெண்ணின் கற்பைப் பற்றி மணிக்கணக்காகப் பேசும் வாய்கள் காண்டிராக்டு ரசீதைப் பற்றிப் பேசுவதில்லை.

கல்லறைக்கு வந்த டாங்கிகள்

1945 நவம்பர் 27-ந் தேதி ப்ளூமென்டால் மணல் மேட்டில் எதிர்ப்பு வீரர்களுக்கென அமைந்த கல்லறையில் ஹன்னியை ராஜ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மகாராணி வந்தார். அங்கே உறங்கும் எதிர்ப்பு வீரர்களில் ஒருத்தி மட்டுமே பெண். அவள்தான் ஹன்னி.

மரியாதை எத்தனை நாள் நீடித்தது? ஹாலந்து மண்ணில் அந்நியர் ஆட்சி கூடாது என்று சொன்ன அதே ஆளும் வர்க்கம், 1945 ஆகஸ்டில் விடுதலைப் பிரகடனம் செய்த இந்தோனேசியாவை மறுபடி அடிமையாக்கக் கப்பல் கப்பலாகப் பட்டாளம் அனுப்பியது. 1946 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளிகள் வேலையை நிறுத்தி எதிர்த்தார்கள். 1947-லும் 1948-லும் 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் சூட்டி ஹாலந்துப் படை இந்தோனேசியாவில் யுத்தம் நடத்தியது. 1949 டிசம்பரில்தான் அந்த நாட்டின் சுதந்திரத்தை ஒப்புக்கொண்டது. அங்கே தன் படை நடத்திய கொடூரங்களுக்கு ஹாலந்துப் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2022-ல். அன்றே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முன்நின்றவர்கள் கம்யூனிஸ்டுகள். ஆகவே அவர்கள் மீண்டும் 'தேசத் துரோகிகள்' ஆனார்கள்! கெடுபிடி யுத்தமும் சேர்ந்துகொண்டது.

1951-ல் ஹன்னியின் நினைவு நாள் வந்தது. பூச்செண்டோடு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் கல்லறைக்குப் புறப்பட்டதாகக் கணக்கு. சர்க்கார் தடை விதித்தது. நூற்றுக்கணக்கான போலீசையும் ராணுவத்தையும் நிறுத்தியது. போதாதென்று நாலு டாங்கிகளை நிறுத்தியது. காவலைத் தாண்டி ஏழு பேர் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பூவை வெளியே எடுத்தபோது அவர்களைக் கைது செய்தார்கள்.

1940 மே மாதத்தில் ஹிட்லரின் டாங்கியை ஐந்து நாள் கூடத் தடுத்து நிற்க முடியாத ராஜ்யம், 1951-ல் செத்துப்போன ஒரு பெண்ணின் கல்லறையைப் பூவிலிருந்து காப்பாற்ற டாங்கி நிறுத்தியது. எந்த ஆயுதத்தைக் கண்டு ஆளும் வர்க்கம் அதிகம் நடுங்குகிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி உண்டா?

முப்பது வருஷம் ஓடியது. 1982-ல் ஹார்லெம் பூங்காவில் எதிர்ப்பியக்கப் பெண்ணுக்கு ஒரு சிலை எழுந்தது. செதுக்கியவர் யார்? ட்ரூஸ்தான். துப்பாக்கி பிடித்த கை உளி பிடித்துச் சிற்பியாகியிருந்தது. இளவரசி ஜூலியானா திறந்து வைத்தார். சகோதரிகளுக்குச் சர்க்கார் யுத்தப் பதக்கம் கொடுத்தது 2014-ல். ஹாலந்துக் கம்யூனிஸ்ட் கட்சி 1991-லேயே கலைந்து போயிருந்தது. அதன் பேரால் இனி எவரும் ஊர்வலம் வர மாட்டார்கள் என்று நிச்சயமான பிறகுதான் பதக்கப் பெட்டி திறந்தது! ட்ரூஸ் 2016-ல் மறைந்தார். பிரெட்டி 2018 செப்டம்பர் 5-ந் தேதி, தொண்ணூற்று மூன்றாவது பிறந்த நாளுக்கு முந்தின தினம் மறைந்தார்.

பிரெட்டி சொல்ல மறுத்தது

எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று பலர் பிரெட்டியைக் கேட்டார்கள். கடைசிவரை அவர் எண்ணிக்கை சொல்லவில்லை. சிப்பாயிடம் இப்படிக் கேட்கக் கூடாது என்பது அவர் பதில். ஆனால் ஒன்றை மறைக்கவில்லை. சுடப்பட்டவன் கீழே விழும்போது ஓடிப்போய்த் தூக்கிவிட வேண்டும் என்றே தோன்றும் என்றார். யுத்தத்தில் மாண்டவர்களை நாடு நினைவுகூரும் மே மாத நாட்கள் வந்தால் ஒவ்வொரு வருஷமும் அவருக்குத் தூக்கம் வராது.

வீரம் என்றால் கண் சிமிட்டாமல் கொல்வது என்று சினிமா கற்றுக்கொடுக்கிறது. இந்தக் கிழவியின் தூக்கமில்லாத இரவு வேறு ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறது. வேறு வழியில்லாமல் செய்தார்கள். செய்ததன் பாரத்தை எழுபது வருஷத்துக்கு மேல் சுமந்தார்கள். வைக்கோல் மெத்தையில் படுத்து, பொம்மை தைத்து, காதலித்து, கல்யாணம் செய்துகொண்டு வாழ்ந்திருக்க வேண்டிய பெண்கள். அவர்களுடைய இளமையைத் தின்றது எதிர்ப்பியக்கம் அல்ல; அந்த இயக்கத்தைத் தவிர்க்க முடியாததாக்கிய பாசிசம். பெண்ணைத் தூண்டிலாக்கியது யார் என்று கேட்டவர்களுக்கு இதுதான் கடைசிப் பதில்: குழந்தையை ஏழரை கில்டருக்கு விற்கும் சந்தையை எவன் திறந்தானோ, அவன்.

தோழர்களே! இந்தச் செய்தியை வீட்டில் பெண்களிடம் படித்துக் காட்டுங்கள். "அழகிகளின் கதை" என்று சொல்லாதீர்கள். படகில் வளர்ந்தவள், உபாத்தியாயர் மகள், எஃகாலைத் தொழிலாளி, தெருக் கூட்டியவர் எல்லாரும் சேர்ந்து நின்ற கதை என்று சொல்லுங்கள். நாளை உங்கள் தெருவில் ஒரு பெண் கூட்டத்துக்குப் போய்விட்டு நேரங்கழித்து வருவாள். திண்ணையில் உட்கார்ந்தவன் ஏதாவது சொல்லத்தான் செய்வான். அப்போது உங்கள் வாய் அவனோடு சேராமலிருந்தால் போதாது. அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பூவுக்கு டாங்கி நிறுத்தியவர்கள் போய்விட்டார்கள். பூ இருக்கிறது.